கசிந்த கதையும் காணாத கதையும்

ஒரு கதையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டவர் அந்தக் கதையைத் தெரிந்துகொண்டவர் ஆவாரா? பள்ளிப் பிள்ளையும் விடையளிக்கக்கூடிய வினாவாகவே இது தோன்றும். ஆனால் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில், நோய்த்தொற்றுக்கு அஞ்சி உலகமே வீட்டுக்குள் அடங்கிக் கிடந்த நாள்களில், பல நாடுகளைச் சேர்ந்த இளைஞர் பெருங்கூட்டம் ஒன்று இவ்வினாவுக்கு ஐயமின்றி 'ஆவார்' என்று விடையளித்தது. அவர்கள் வாதிட்டது நாவலைப் பற்றியன்று, திரைப்படத்தைப் பற்றியுமன்று. அமெரிக்காவின் 'நாட்டி டாக்' நிறுவனம் உருவாக்கி, இன்னும் வெளியிடாதிருந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' என்னும் வீடியோ விளையாட்டின் இரண்டாம் பாகத்தைப் பற்றி. அதில் தங்கள் கதை எவ்வாறு மாற்றப்பட்டுவிட்டது என்று கசிந்து வந்த செய்தியைப் பற்றி.

வீடியோ விளையாட்டா, இலக்கியப் பக்கங்களில் அதற்கென்ன வேலை என்று புருவம் உயர்த்தும் வாசகரை நான் குறைகூற மாட்டேன். நானும் அவ்வாறே எண்ணியிருந்தவன்தான். துப்பாக்கி வெடிப்பதும், திரை சிவப்பதும், மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதுமே அதன் சாரம் என்பது என் முடிவு. அந்த முடிவை அசைத்தவன் என் தங்கை மகன். இரண்டாம் பாகத்தை வாங்கப் பணம் சேர்த்து வைத்திருந்தவன், கசிந்த செய்தியைப் படித்த அன்றே, "ஜோயலக் கொன்னுட்டாங்க மாமா, இனிமே அதுல என்ன இருக்கு?" என்று தொலைபேசியில் சொன்னான். உறவினர் ஒருவரின் இறப்பைச் சொல்லும் குரல் அது. கற்பனைப் பாத்திரம் ஒன்று ஒருவனுக்கு இவ்வளவு நெருக்கமாகிவிட முடியுமெனில், அதைப் படைத்த கலையை அறியாமலே ஒதுக்குவது திறனாய்வாகாது என்று எனக்குப் பட்டது. மறு ஆண்டு அவன் விடுமுறையில் வந்தபோது இரு பாகங்களையும் அவனை விளையாடச் சொல்லி, அருகிலமர்ந்து முழுவதும் பார்த்தேன்.

முதல் பாகம் 2013ஆம் ஆண்டு சூன் மாதம் வெளிவந்தது. கார்டிசெப்ஸ் என்னும் பூஞ்சை மனித மூளையைப் பற்றிக்கொண்டு மாந்தரைக் கொடிய உயிர்களாக்கிவிட, நாகரிகம் சிதைகிறது. அந்தப் பேரழிவின் முதல் இரவிலேயே ஜோயல் தன் சிறு மகளை ஒரு படைவீரனின் குண்டுக்குப் பறிகொடுக்கிறான். இருபது ஆண்டுகள் கழித்து, கள்ளக் கடத்தல் செய்து பிழைக்கும் இறுகிய மனிதனாக அவனைக் காண்கிறோம். நோய் தொற்றாத உடலைப் பெற்ற எல்லி என்னும் பதினான்கு வயதுச் சிறுமியை நாட்டின் மறுபுறம் கொண்டுசேர்க்கும் பொறுப்பு அவனிடம் வருகிறது. வெறும் சரக்காக ஏற்றுக்கொண்ட சிறுமி வழியிலேயே மகளாகிவிடுகிறாள். பயணத்தின் முடிவில் சால்ட் லேக் நகரத்து மருத்துவமனையில் உண்மை வெளிப்படுகிறது. தடுப்பு மருந்து காண வேண்டுமாயின் எல்லியின் மூளையை அறுத்தெடுக்க வேண்டும். அவள் பிழைக்க மாட்டாள். ஜோயல் அங்கிருந்தோரைக் கொன்று, அறுவைக் கூடத்துக்குள் புகுந்து, கத்தியேந்தி வழிமறித்த மருத்துவரையும் கொன்று, மயக்கத்தில் கிடந்தவளைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறான். பின்னர் அவள் கேட்கும்போது, உன்னைப்போல் வேறு பலரும் இருந்தனர், அவர்கள் முயற்சியைக் கைவிட்டுவிட்டனர் என்று பொய் சொல்கிறான். ஆணையிட்டுச் சொல் என்கிறாள். ஆணையிடுகிறான். அவள் நம்பினாளா இல்லையா என்பதை முகத்தில் மட்டுமே படிக்கும்படி விட்டுவிட்டுக் கதை முடிகிறது.

இம்முடிவைப் பற்றி ஏழாண்டுகள் இடையறாது வாதம் நடந்தது. ஒரு குழந்தையைக் காக்க உலகத்தின் நம்பிக்கையை அழித்தது சரியா? தந்தையின் அன்பா, இழந்ததை மீண்டும் இழக்க மறுக்கும் தன்னலமா? அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவள் உயிரைப் பலியிடத் துணிந்தவர்கள் மட்டும் நல்லவர்களா? ஏறத்தாழ எல்லாத் தரப்பிலும் நியாயம் இருந்தது. வாதிட்டோரில் பலர் இளைஞர். அறநூல் எதையும் பயிலாதவர். ஆயினும் ஒருவரைக் காக்க எத்தனை பேரை விலையாகக் கொடுக்கலாம் என்னும் பழங்கேள்வியை அவர்கள் உண்மையான வேதனையோடு பேசினர். இந்த அளவில் அந்தச் சுவைஞர் கூட்டத்தை நான் மதிக்கிறேன். அவர்களுடைய பிற்காலச் செயலைக் கண்டிக்கப் புகும் முன் இதைச் சொல்லிவிடுவது கடமை.

இரண்டாம் பாகம் 2020 பெப்ருவரியில் வருவதாக இருந்தது. மே மாதத்துக்குத் தள்ளிப்போயிற்று. ஏப்ரல் தொடக்கத்தில், பெருந்தொற்றின் காரணமாக நாள் குறிப்பிடப்படாமலே ஒத்திவைக்கப்பட்டது. அம்மாத இறுதியில்தான் விளையாட்டின் சில காட்சிகளும் கதைக் குறிப்புகளும் களவாடப்பட்டு வெளியே கசிந்தன. ஜோயல் கொல்லப்படுகிறான், கொல்பவள் ஆபி என்னும் புதியவள், விளையாடுவோர் கதையின் பெரும்பகுதியை அந்த ஆபியாகவே விளையாட வேண்டும். இவையே செய்திகள். தீப்பற்றியது போலாயிற்று. ஊதியம் பற்றிய மனக்குறையால் ஊழியர் ஒருவரே இதைச் செய்தார் என்று ஒரு வதந்தி பரவியது. கசியவிட்டோர் தங்கள் நிறுவனங்களைச் சேர்ந்தவர் அல்லர் என்று வெளியீட்டாளரான சோனி பின்னர் அறிவித்தது. ஆனால் அந்த வதந்தியைப் பற்றி எவருக்கும் பெரிய அக்கறை இல்லை. வாதமெல்லாம் ஜோயலைப் பற்றியே.

அவர்கள் சொன்னவற்றுள் மூன்றைத் தனியே எடுத்து நோக்கலாம். முதலாவது, ஜோயல் இவ்வளவு எளிதில் சிக்கமாட்டான் என்பது. இருபது ஆண்டுகள் எவரையும் நம்பாமல் உயிர்பிழைத்தவன், பனிப்புயலில் சந்தித்த அந்நியரிடம் பெயரைச் சொல்லி, அவர்கள் நடுவே நிராயுதபாணியாய் நிற்பானா? இது ஒரு வாசகர் கேட்கக்கூடிய நேர்மையான திறனாய்வுக் கேள்வி. நான்காண்டுகள் அரணுள்ள ஓர் ஊரில், அண்டை வீட்டாரோடு வாழ்ந்து, ஒரு மகளுக்குத் தந்தையாய் இருந்து அவன் மனம் நெகிழ்ந்துவிட்டது என்று விடைசொல்லலாம். அவனை மனிதனாக்கிய அன்பே அவனுக்குப் பகையாயிற்று என்று கூடச் சொல்லலாம். எனினும் அந்நெகிழ்வைக் கதை நமக்கு முன்கூட்டிப் போதிய அளவு காட்டவில்லை. காட்டுவதெல்லாம் அவன் இறந்தபின் நினைவுக் காட்சிகளாகவே வருகிறது. கேள்வி கேட்டோர் பக்கம் ஒரு பாதி நியாயம் உண்டு.

இரண்டாவது, ஆபியின் உடலைப் பற்றிய பேச்சு. கசிந்த காட்சிகளில் திரண்ட தோள்களோடு காணப்பட்ட அப்பெண் ஆணாயிருந்து பெண்ணாக மாறியவள் என்று ஒரு கதை கட்டப்பட்டு, அதன்மேல் பெருஞ்சினம் எழுப்பப்பட்டது. அது முற்றிலும் பொய். விளையாட்டில் பால் மாறிய பாத்திரம் ஒன்று உண்டு; அது லெவ் என்னும் சிறுவன், ஆபி அன்று. கையால் படைக்கப்பட்ட ஒரு பாத்திரத்தைத் தோளின் அகலத்தை வைத்துத் தீர்ப்பிட்டவர்கள் வெளியீட்டுக்குப் பின் தங்கள் பிழையை ஒப்புக்கொண்டதாகப் பெரிதும் காணோம். பொய் ஆதாரத்தில் பிறந்த கோபம், ஆதாரம் போனபின்னும் உயிரோடிருந்தது.

மூன்றாவது, மிக ஆழமானது. "ஜோயல் எங்களுடையவன்." இச்சொற்களில் எவரும் சொல்லாவிடினும், எல்லா வாதத்தின் அடியிலும் ஓடியது இதுவே. ஒரு நாவலின் நாயகனைக் கண்ணால் தொடர்கிறோம். இங்கோ நாயகனின் கை நம் கை. அவன் பதுங்கினால் நாம் பதுங்குகிறோம். அவன் சுட்டால் நம் விரல் அழுத்துகிறது. அத்தகைய உறவில் உரிமையுணர்வு பிறப்பது இயல்பு. வார இதழ்த் தொடர்கதை படித்து வளர்ந்த நமக்கும் அது புரியாததன்று. 1893ஆம் ஆண்டில் கோனன் டாயில் தம் ஷெர்லக் ஹோம்சை ஓர் அருவியின் ஆழத்தில் மாய்த்தபோது இலண்டன் வாசகர் கொதித்தனர். 1901இல் வேறொரு பழைய வழக்கைச் சொல்லும் நாவலில் அவனை மீண்டும் காட்டினார். 1903இல் அவன் சாகவே இல்லை என்று சொல்லி முழுமையாகத் திருப்பியழைத்தார். வாசகர் வென்றனர். கதைகள் கிடைத்தன. ஆயினும் அருவிக்கரையில் ஹோம்ஸ் விட்டுச்சென்ற மடலின் கனம், அவன் திரும்பி வந்தபின் அதே கனமாக இருக்கிறதா? டாயில் ஹோம்சைக் கொன்றது அவனைப் பற்றி எழுதிச் சலித்ததால். ஜோயலின் சாவு சலிப்பில் பிறந்ததன்று. முதல் பாகம் விதைத்ததை இரண்டாம் பாகம் அறுவடை செய்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துச் சுவைஞர்கள் வாதிட்டதே பெரும்பிழை.

விதைத்தது யாது? அறுவைக் கூடத்தில் கத்தியேந்தி நின்ற அந்த மருத்துவரை நினைவிருக்கிறதா? 2013இல் அவருக்குப் பெயர் இல்லை. முகம் பாதி மறைந்திருக்கும். அவரைக் கொல்லாமல் விளையாட்டு முன்னே நகராது. வேறு வழி தேடிப் பார்த்தவர்கள் உண்டு, வழி இல்லை. ஆகவே முதல் பாகத்தை விளையாடி முடித்த ஒவ்வொருவரும் அம்மனிதரைத் தம் விரலால் கொன்றவரே. கொன்று, மறந்து, எல்லியைத் தூக்கிக்கொண்டு ஓடியவரே. ஆபி அந்த மருத்துவரின் மகள்.

இந்த ஒரு செய்தியும் கசிந்ததுதான். ஆனால் செய்தியாகக் கேட்பது வேறு, விளையாட்டில் அதற்கு வந்து சேர்வது வேறு. படைப்பின் அமைப்பு முழுவதும் அந்தச் சேர்தலுக்காகவே கட்டப்பட்டிருக்கிறது. தொடக்கத்திலேயே ஜோயல் கோல்ஃப் மட்டையால் அடித்துக் கொல்லப்படுகிறான். எல்லியைத் தரையோடு அழுத்திப் பிடித்துப் பார்க்க வைக்கின்றனர். கொன்றவர் யார், ஏன் என்பது நமக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. எல்லி சியாட்டில் நகருக்குப் பழிவாங்கப் புறப்படுகிறாள். நாம் அவளாகி, மூன்று நாள்கள், ஆபியின் தோழர்களை ஒருவர் பின் ஒருவராக வேட்டையாடுகிறோம். நம் சினம் முழுமையாக அவளுடையது, கேள்வி இல்லை. மூன்றாம் நாள் இரவு, பாழடைந்த நாடக அரங்கில் ஆபி துப்பாக்கியோடு எதிரில் நிற்கும் கணத்தில் காட்சி அறுந்துபோகிறது. மீண்டும் முதல் நாள். இப்போது நாம் ஆபி.

என் மருமகன் அந்த இடத்தில் கன்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டான். அடுத்த நாள்தான் எடுத்தான். வேண்டாவெறுப்பாக அவளை நடத்திச் சென்றான். சில இடங்களில் வேண்டுமென்றே அவளைச் சாகவிட்டான். இதைப் பலரும் செய்திருக்கின்றனர் எனப் பின்னர் அறிந்தேன். ஆனால் மணிகள் செல்லச் செல்ல நிலை மாறிற்று. நேற்று எல்லியின் கையால் பெயரற்றுச் செத்தவர்களுக்கு இன்று பெயர் இருந்தது. அவர்கள் உணவு பங்கிட்டனர், ஒருவரையொருவர் கேலி செய்தனர். தந்தையின் கொலையைக் கனவில் திரும்பத் திரும்பக் காணும் ஆபி, தன் படையின் பகைவரான ஒரு சமயக் குழுவைச் சேர்ந்த அக்காள் தம்பி இருவரைக் காக்கத் தன் உயிரைப் பணயம் வைக்கிறாள். உயரத்தில் நடக்க அஞ்சுகிறாள். சிறு குறிப்பு அது. ஆனால் அந்தப் பெரிய உடலுக்குள் ஓர் அச்சத்தைக் கண்டபின் என் மருமகன் அவளைச் சாகவிடுவதை நிறுத்திக்கொண்டான். இறுதியில் அதே நாடக அரங்குக்கு வந்து சேர்கிறோம். எதிரே எல்லி. அடிக்க வேண்டியவள் எல்லி. அடிக்கும் விரல் நம்முடையது. கசிந்த செய்தியில் இது ஒரே வாக்கியம். அந்த அறையில் அது ஒரு இளைஞனின் நடுங்கும் கட்டைவிரல்.

முழு விளையாட்டும் முடிய ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. பகையின் முகத்தைப் பார்க்கப் பழகுவதற்கு அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது என்பதே அதன் வாதம். பத்து வரிகளில் அதைச் சுருக்கியவர் எல்லா நிகழ்ச்சிகளையும் சரியாகச் சொல்லியிருந்தார். கதையை மட்டும் சொல்லவில்லை.

இயக்குநர் நீல் டிரக்மன் இஸ்ரேலில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 2000ஆம் ஆண்டில் ரமல்லாவில் ஒரு கும்பல் இருவரைக் கொன்ற காட்சியைக் கண்டு, அதைச் செய்தவர்களை வதைக்க வேண்டும் என்னும் வெறி தம்முள் எழுந்ததையும், பின்னர் அவ்வெறியை எண்ணித் தாமே வெட்கியதையும் அவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஹேலி கிராசுடன் இணைந்து அவர் எழுதிய இக்கதையில் நம்மையும் அவ்விரண்டு உணர்ச்சிகளின் ஊடே நடத்திச் செல்ல முயன்றிருக்கிறார். எப்போதும் வென்றிருக்கிறாரா என்றால், இல்லை.

குறைகளைச் சொல்லாமல் விடுவது முறையன்று. எல்லியாக நாம் ஒரு நாயைக் கொல்ல நேர்கிறது. பிறகு ஆபியாக அதே நாயோடு பந்தெறிந்து விளையாட வைக்கின்றனர். கண்ணீரைக் கேட்டு வாங்கும் மலிவான உத்தி இது. பாதையில் எதிர்ப்படும் காவலரை நாம் கொல்லும்போது, அவர்தம் தோழர் அவர் பெயரைச் சொல்லி அலறுகிறார். முதன்முறை கேட்கும்போது உள்ளம் திடுக்கிடுகிறது; ஐம்பதாவது முறை அது ஓர் ஓசை மட்டுமே. கொல்லாதே என்று சொல்ல வந்த படைப்பு, விளையாட்டாக விற்கப்பட வேண்டியிருப்பதால், கொல்வதை விறுவிறுப்பாகவும் ஆக்கவேண்டியிருக்கிறது. இம்முரண்பாட்டை அது தீர்க்கவில்லை. மேலும், வேறு வழியே தராமல் ஒரு செயலைச் செய்யவைத்து, பின் செய்தாயே என்று குற்றஞ்சாட்டுவது நீதியா? பலர் இக்கேள்வியோடு விளையாட்டைவிட்டு எழுந்தனர். அவர்களை வெறும் வெறுப்பாளர் என்று தள்ளிவிட முடியாது.

தயாரித்தோரிடமும் ஒரு குற்றம் உண்டு. 2019 செப்டம்பரில் வெளியிட்ட முன்னோட்டத்தில், தனித்துச் செல்லும் எல்லிக்குத் துணையாக ஜோயல் வந்து நிற்பதாகக் காட்டினர். விளையாட்டில் அந்த இடத்தில் வருபவன் ஜெசி என்னும் வேறொருவன். அந்நேரம் ஜோயல் உயிரோடில்லை. வியப்பைக் காக்கவே அவ்வாறு செய்தனர் என்பது விளங்குகிறது. ஆயினும் நம்பிக் காத்திருந்தவரிடம், அவர் நன்மைக்கென்றே, ஆளை மாற்றிவைத்துச் சொன்ன பொய் அது. முதல் பாகத்தின் முடிவில் ஜோயல் எல்லியிடம் சொன்னதும் இவ்வகைப் பொய்தான். அது வெளிப்பட்டபோது அவள் அவனிடமிருந்து விலகிப்போனாள் என்பது இரண்டாம் பாகத்தின் கதை. தம் கதையைத் தாமே படிக்காதவர் போல் தயாரிப்பாளர் நடந்துகொண்டது வேடிக்கை.

2020 சூன் 19 அன்று விளையாட்டு வெளிவந்தது. முதல் மூன்று நாள்களிலேயே 40 இலட்சத்துக்கு மேல் விற்றது. திறனாய்வாளர்கள் பெரிதும் புகழ்ந்தனர். ஆனால் விளையாட்டுகளுக்கு மதிப்பெண் தொகுக்கும் 'மெட்டாகிரிட்டிக்' தளத்தில், வெளியான சில மணி நேரத்துக்குள்ளேயே ஆயிரக்கணக்கானோர் சுழியும் ஒன்றும் இட்டு, பொதுமக்கள் சராசரியைப் பத்துக்கு 4க்கும் கீழே தள்ளினர். 25 மணி நேரப் படைப்பை நான்கைந்து மணி நேரத்தில் எவரும் முடித்திருக்க முடியாது. அவர்கள் மதிப்பிட்டது ஏப்ரலில் கேள்விப்பட்ட கதையை. அடுத்த மாதமே அத்தளம் புதிய விளையாட்டு எதற்கும் 36 மணி நேரம் கழித்தே பொதுமக்கள் மதிப்பெண் இடலாம் என விதியை மாற்றியது. பொறுமையை விதியாக எழுதவேண்டி வந்துவிட்டது.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. பொறுக்கமுடியாதது ஒன்று நிகழ்ந்தது. ஆபிக்குக் குரலும் நடிப்பும் தந்த லாரா பெய்லிக்குக் கொலைமிரட்டல்கள் வந்தன. சூலை மாதத்தில் அவரே அவற்றை வெளியிட்டார். ஜோயலைக் கொன்றாய், உன்னைக் கொல்வோம் என்பதே அவற்றின் பொருள். ஒரு தந்தையைக் கொன்றவனை மகள் கொன்றாள். மகளைக் கொல்ல இன்னொரு மகள் புறப்பட்டாள். இருவரையும் நடித்துக் காட்டியோரில் ஒருவரைக் கொல்ல சுவைஞன் புறப்பட்டான். கதையை வெறுத்தவர்கள் அறியாமலே கதைக்குள் நுழைந்து, அதில் ஒரு பாத்திரமாகிவிட்டனர். அவ்வாண்டு இறுதியில் சிறந்த விளையாட்டுக்கான 'கேம் அவார்ட்ஸ்' விருது இப்படைப்புக்கும், சிறந்த நடிப்புக்கான விருது பெய்லிக்கும் கிடைத்தன. ஒரு மனிதருக்கு நேர்ந்த அச்சத்துக்கு விருது ஈடாகுமா என்று தெரியவில்லை.

விவிலியத்தில் யோனா நூல் என்னை எப்போதும் வியப்பில் ஆழ்த்துவது. நினிவே அழியப்போகிறது என்று அறிவித்த இறைவாக்கினர், நகர் மனந்திரும்பி மன்னிக்கப்பட்டதும் மகிழவில்லை. சினங்கொண்டு நகருக்கு வெளியே போய் அமர்கிறார். அறிவித்தபடி நடக்கவில்லையே என்னும் சினம். நூல் அவர் மனம் மாறினாரா என்று சொல்லாமலே ஒரு கேள்வியோடு நின்றுவிடுகிறது. விளையாட்டின் இறுதியை வெறுத்தவர்களின் சினம் எனக்கு யோனாவின் சினத்தை நினைவூட்டியது. ஏனெனில் இறுதியில் எல்லி ஆபியைக் கொல்வதில்லை. அடிமையாய்க் கட்டுண்டு, எலும்பும் தோலுமாய்க் கிடந்தவளைக் கடற்கரையில் கண்டு, சண்டையிட்டு, தன் இரு விரல்களைக் கடியில் இழந்து, நீரில் மூழ்கடித்துக்கொண்டிருக்கும்போதே கையை விட்டுவிடுகிறாள். இத்தனை பேரைக் கொன்றபின் இவளை மட்டும் விடுவதேன் என்று கேட்டனர். நல்ல கேள்விதான். அந்தக் கணத்தில் எல்லியின் மனத்தில் ஓடுவது ஆபியின் முகமன்று. வீட்டு முகப்பில் கிட்டாரோடு அமர்ந்திருந்த ஜோயலின் முகம்.

2025 ஏப்ரலில் இக்கதை தொலைக்காட்சித் தொடரின் இரண்டாம் பருவமாக வந்தபோது, ஆபி யார் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டனர். மருத்துவரின் மகள் என்று அறிந்தே நாம் ஜோயலின் சாவைப் பார்க்கிறோம். பார்ப்பவர் குழம்பக்கூடாதென்று செய்த மாற்றம். ஆனால் அறியாமல் வெறுத்து, பின் அறிந்து நாணும் வாய்ப்பு அதனால் போயிற்று. அத்தொடரில் ஆபியாக நடித்த கெயிட்லின் டெவருக்குப் படப்பிடிப்பின்போது கூடுதல் பாதுகாப்பு தேவைப்பட்டது என்று உடன் நடித்தவர் தெரிவித்தார். மூன்றாம் பாகம் பற்றியும் பேச்சு ஓயவில்லை. அதற்கொரு கருத்து தம்மிடம் உண்டென 2024இல் கூறிய டிரக்மன், 2025 மார்ச்சில் இன்னொரு பாகம் வரும் என்று பந்தயம் கட்ட வேண்டாம் என்றார். இரண்டையும் வைத்துக்கொண்டு, வராத பாகத்தில் யார் பிழைப்பார், யார் சாவார் என்று இப்போதே வாதிடுகின்றனர்.

விளையாட்டின் கடைசிக் காட்சி ஒரு வெறிச்சோடிய பண்ணை வீடு. பழிக்காக எல்லி விட்டுச்சென்ற துணையும் குழந்தையும் அங்கில்லை. ஜோயல் கற்றுக்கொடுத்த பாடலைக் கிட்டாரில் வாசிக்க முயல்கிறாள். இழந்த விரல்கள் தொடவேண்டிய நரம்புகளில் ஒலி எழவில்லை. அப்போதுதான், அவன் சாவதற்கு முந்தைய இரவு அவர்களிடையே நடந்த பேச்சு நமக்குக் காட்டப்படுகிறது. அவன் செய்ததை மன்னிக்க முடியுமென்று தோன்றவில்லை, ஆனால் முயன்று பார்க்க விரும்புகிறேன் என்ற பொருள்பட அவள் சொல்கிறாள். அந்த முயற்சிக்கு ஒரு பகல் கூடக் கிடைக்கவில்லை என்பதை இருபத்தைந்தாவது மணியில் அறிகிறோம். கிட்டாரைச் சன்னலோரம் சாய்த்துவிட்டு அவள் நடந்து போகிறாள்.

என் மருமகன் நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் மாலை, நான் கேட்காமலே, முதல் பாகத்தை மீண்டும் இயக்கி மருத்துவமனைக் காட்சிக்குப் போனான். அறுவைக் கூடத்தின் கதவைத் திறந்தான். கத்தியோடு அந்த மருத்துவர் நின்றார். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அவர் வழிவிடுவதில்லை. சற்று நேரம் எதிரே நின்றவன், பொத்தானை அழுத்தாமல் இயந்திரத்தை அணைத்துவிட்டு எழுந்து போனான்.